செத்தவன் தேர்ந்தெடுத்த பயணம்

பதுளை ரயில் நிலையத்தில் ஒரு செத்தவனுக்கு மாலை போட்டு வரவேற்ற மனிதன், எனக்குத் தெரிந்தவரை, இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். மாலையோடு விட்டேனா? அவனைக் காரில் ஏற்றி, கையில் குடை கொடுத்து, மழையில் இரண்டு மைல் மலையேற்றி, அவனுடைய சமாதியை அவனுக்கே சுற்றிக் காட்டினேன். அவனும் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு, நீளம் கொஞ்சம் குறைச்சல் என்று குறை சொன்னான்.

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். பதுளை பஜாரே சிரித்தது. போலீஸ் சார்ஜன் ஷுக்ரி சிரித்த சிரிப்பில் எங்கள் கடை அலமாரியிலிருந்த சீத்தைத் துணி நாற்பது கஜம் மடிப்புக் கலைந்து கீழே விழுந்தது. அதை மறுபடி மடித்தவன் நான் என்பதால் நாற்பது கஜம் என்று அடித்துச் சொல்கிறேன்.

ஆனால் 1926 தை மாதத்து அந்த மழை நாளில், கழுகுப்பாறை மலைப்பாதை முடக்கில், ஒருவரும் சிரிக்கவில்லை.

விஷயம் ஒரு கடிதத்தில் தொடங்கியது. அதைக் கொண்டுவந்தவர் இராசையா. மடுல்சீமைப் பக்கத்தில் கழுகுப்பாறைத் தோட்டத்துப் பெரிய கங்காணி. நானூறு பேரை விரல் அசைவில் வேலை வாங்குகிற மனிதர். கறுப்புக் கோட்டும் தலைப்பாகையும் காதில் கடுக்கனுமாகக் கடைக்குள் நுழைந்தவர், சுவரில் முதுகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு வாசலையே பார்த்தார்.

"கதவச் சாத்துங்க முதலாளி."

"பகல் பதினோரு மணிங்க. யாவாரம் கெட்டுரும்," என்று முதலாளிக்கு முந்திக்கொண்டு சொன்னேன் நான்.

"என் உசுரு போனாப் பரவாயில்லையா?"

கதவைச் சாத்தினேன்.

எங்கள் முதலாளி சிதம்பரநாதனைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். பஜாரில் அவர்கள் குடும்பத்துக்குப் புடவைக் கடை. முன்னால் அண்ணன் ஜெயராசா துணி விற்பார். பின்கட்டில் தம்பி சிதம்பரநாதன் துப்பறிவார். கையில் எப்போதும் ஒரு இரும்புக் கஜக்கோல் இருக்கும். துணியை அளப்பதும் அதைக்கொண்டுதான், மழையில் ஊன்றி நடப்பதும் அதைக்கொண்டுதான், என் முதுகில் தட்டி வாயை மூடச் சொல்வதும் அதைக்கொண்டுதான். நான் லிங்கம். துணி சுருட்டுவது, துப்பறிவது, இரண்டுக்கும் நடுவே வாயடிப்பது என் உத்தியோகம்.

கங்காணி நீட்டிய கடிதத்தை முதலாளி மேசைமேல் விரித்து, மேலே கஜக்கோலை வைத்தார். "எட்டரை அங்குலம்," என்று முணுமுணுத்தார்.

"விக்கப் போறீங்களா முதலாளி?"

கஜக்கோல் என் முதுகைத் தொட்டது. நான் வாயை மூடிக்கொண்டு கடிதத்தைப் படித்தேன்.

'கப்பல் ஏறிவிட்டேன். கொழும்பில் நாலு நாள் நிற்கும். கரையிறங்கிப் போகும் உல்லாசப் பயணங்களில் நாலாம் நம்பரை எடுத்திருக்கிறேன். பதுளைக்கு வந்து, அங்கிருந்து எப்படியும் கழுகுப்பாறைக்கு வந்துவிடுவேன். என்னுடையதை எடுத்துக்கொண்டுதான் திரும்புவேன். இந்த முறை எவனுக்காகவும் குடையை மடக்க மாட்டேன். தயாராக இரு. சின்னராசா.'

"யாரு இந்தச் சின்னராசா?" என்றார் முதலாளி.

"எங்க தோட்டத்துப் பய. பத்தொம்பது வருசமாச்சு, செத்துட்டான். காலரா. நான் சாகவிட்டேன்னு லயத்து வீடுங்கள்ல ஒரு பேச்சு. அவன் பேரச் சொல்லிக்கிட்டு எவனோ என்னை முடிக்க வர்றான்."

மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த சார்ஜன் ஷுக்ரி கோப்பையைக் கீழே வைத்தார். எங்கள் கடைத் தேநீருக்காகவே பஜாரில் ரோந்து வருகிறவர் அவர். நல்ல மனிதர். ஆனால் கண்ணால் கண்டதையும் பாதிதான் நம்புவார்.

"செத்தவன் கப்பல்ல வர்றானா? கேபின்லயா, பெட்டியிலயா?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்தச் சிரிப்பைச் சிரித்தார். சீத்தைத் துணி விழுந்தது அப்போதுதான்.

கங்காணி சிரிக்கவில்லை. "வர்ற கூட்டத்துல அவன் எவன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க முதலாளி. மத்தத நான் பாத்துக்குறேன். பயணிங்களுக்குன்னு பன்னெண்டு குடை அனுப்பி வைக்கிறேன். பதினொண்ணு கறுப்பு, ஒண்ணு செவப்பு. ஆள் தெரிஞ்சதும் செவப்புக் குடைய அவன் கையில குடுத்துருங்க. தூரத்துல செவப்பு தெரிஞ்சா நான் ஒதுங்கிக்குவேன். அவ்வளவுதான்."

ஒரு மனிதன் உயிருக்குப் பயந்து, ஒதுங்கிக்கொள்ள வழி கேட்கிறான். மறுக்க முடியுமா? முதலாளி தலையாட்டினார். கங்காணி எழுந்து போகும்போது உட்கார்ந்த இடத்தில் வியர்வை ஈரம் இருந்தது. வெளியே தை மாதக் குளிர்.

கப்பல் கொழும்புக்கு வந்தது. பணக்காரர்கள் உலகத்தைச் சுற்றிப் பார்க்கிற கப்பல். சிங்கப்பூர், பினாங்கு, ரங்கூன் என்று ஒவ்வொரு துறைமுகத்திலும் ஆள் ஏற்றிக்கொண்டு வந்திருந்தது. கரையிறங்குகிறவர்கள் கையில் ஏஜென்ட் ஒரு பட்டியல் கொடுப்பார். ஒன்றாம் நம்பர், கண்டி மாளிகையும் யானையும். இரண்டாம் நம்பர், கல்கிசையில் கடல் குளியலும் மீன் சாப்பாடும். மூன்று, அநுராதபுரம். நாலு, புது ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேஷன் வரைக்கும் ஊவா மலைகள்.

"யானைய விட்டுட்டு எவன் இங்க வருவான்?" என்றார் சார்ஜன்.

பதினொரு பேர் வந்தார்கள். அவர்களுக்கு ஊர் காட்டும் பொறுப்பை முதலாளி ஏஜென்டிடம் கேட்டு வாங்கியிருந்தார். காலை ரயிலில் இறங்கிய பதினொரு கழுத்துக்கும் சாமந்தி மாலை போட்டேன். அதில் ஐந்து பேர் நம் நிறம். ஐந்து பேரும் கோட்டுப் போட்டு, தொப்பி வைத்து, இங்கிலீஷைத் தவிர வேறு பாஷையே பிறக்கவில்லை என்பதுபோலப் பேசினார்கள்.

"இதுல எவன் மூஞ்சியில கொலை எழுதியிருக்கு முதலாளி?"

"மூஞ்சியப் பாக்காத. தேர்ந்தெடுக்கச் சொல்லு. பத்துப் புடவைய விரிச்சுப் போடு. கண்ணு பத்தையும் சுத்தும், கை ஒண்ணுலதான் போயி நிக்கும். மனுசன் வாய் பொய் சொல்லும், கை சொல்லாது."

மறுநாள் எங்கே போவது என்று ரெஸ்ட்ஹவுஸ் மேசையில் அவரே ஒரு பட்டியல் எழுதி வைத்தார். துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. தேயிலைத் தொழிற்சாலை. நமுனுகுல மலை உச்சி. பதுளை பஜார். ஐந்தாவதாக, நான் எழுதவே கூசிய ஒன்று: 'கழுகுப்பாறைத் தோட்டம். கார் பாதி வழிதான் போகும். மீதி நடை. அட்டை கடிக்கும். பகல் சாப்பாடு கிடையாது. பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.'

"இத எடுக்குறவன் ஒருத்தந்தான் இருப்பான்," என்றார் முதலாளி. "அவந்தான் நம்ம ஆளு."

மூன்று பேர் எடுத்தார்கள்.

முதலாளியின் முகம் சாயம் போன துணிபோல ஆனதை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். முதல் ஆள் மிஸ் ஹார்க்னெஸ் என்கிற கிழட்டுச் சீமாட்டி. பெரணிச் செடி சேகரிப்பவர். "பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று உண்மை பேசும் பட்டியலை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்க்கிறேன்," என்று மகிழ்ந்துபோய் எடுத்தார். இரண்டாவது ரங்கூன் தாராப்ஷா சேட். ஒன்றுமில்லை என்று சொல்கிற இடத்தில்தான் நிலம் மலிவாக இருக்கும் என்பது அவர் கட்சி. மூன்றாவது மிஸ்டர் டேனியல், பினாங்கு ரப்பர் வியாபாரி. தாடி, மூக்குக் கண்ணாடி. ஏன் என்று கேட்டதற்கு, "நடக்கப் பிடிக்கும்," என்றார். அவ்வளவுதான்.

வெள்ளைக்காரி ஒருத்தி காட்டுப் பக்கம் போகிறாள் என்றால் பின்னால் ஒரு போலீஸ் போக வேண்டும். சார்ஜன் ஷுக்ரி சாதாரண மழைக்கோட்டில் வந்து சேர்ந்தார். "பொணத்தைக் கண்டா எனக்குச் சொல்லி அனுப்புங்க, கைகுலுக்கணும்," என்று காரில் எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

பசறையைத் தாண்டி வண்டித் தடம் முடிந்த இடத்தில் இறங்கினோம். மழை என்றால் அப்படி ஒரு மழை. பக்கத்து மலையில் நின்ற மாடு கத்தியது எங்களுக்குக் கேட்பதற்குள் அந்தச் சத்தமே நனைந்து ஊறிப்போயிற்று. மூடுபனி தேயிலைச் செடிகளுக்கு மேலே படுத்துக் கிடந்தது. எங்கேயோ மேலே ஆட்கள் பேசும் சத்தம் வரும். திரும்பினால் பனிதான் இருக்கும். குடைகளைக் கொடுத்தேன். எல்லாம் கறுப்பு. சிவப்பு என் கக்கத்தில்.

சேட் காலுறைக்கு மேல் சவர்க்காரம் தேய்த்துக்கொள்வதைப் பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அட்டை ஏறாமலிருக்கத் தோட்டத்து ஆள் செய்கிற காரியம்! "முதலாளி, சேட்டுதான். குடுத்துரவா?"

"அவரு சட்டைப் பையில வழிகாட்டிப் புத்தகம் இருக்கு பாரு. முப்பதாம் பக்கத்துல அட்டைக்குச் சவர்க்காரம் போட்டிருக்கும். வேற எதையும் பாக்காத. குடையப் பாத்துக்கிட்டே வா."

"கடிதத்துல மடக்க மாட்டேன்னு எழுதியிருக்கானே, அதுக்கா? மடக்காதவனத் தேடணுமா?"

"தேடு, தேடு," என்றார் முதலாளி ஒரு மாதிரியாக.

அந்தக் காலத்துத் தோட்டத்து நடைமுறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை குதிரையில் வந்தால், வேலைக்காரன் பாதையை விட்டு, ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். மழை கொட்டினாலும் மடக்க வேண்டும். மடக்காதவன் முதுகில் கங்காணியின் பிரம்பு விரியும்.

துரை வந்தார். பனிக்குள்ளிருந்து முதலில் குளம்புச் சத்தம், பிறகு குதிரையின் தலை. மிஸ் ஹார்க்னெஸ் குடையை இன்னும் உயர்த்திப் பிடித்துக் காலை வணக்கம் சொன்னார். சேட் குடைக்கு அடியிலேயே தொப்பியைத் தூக்கினார். மிஸ்டர் டேனியல் என்னிடம் ரப்பர் பால் வெட்டுவதைப் பற்றி இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது. அவருடைய பளபளப்பான சப்பாத்து இரண்டும் கானுக்குள் இறங்கின. குடை படக்கென்று மடங்கி அவர் கக்கத்துக்குள் போயிற்று. தலை குனிந்தது. தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் தாடி வழியாகக் கொட்ட, அந்தப் பினாங்கு முதலாளி கானுக்குள் நின்றார்.

குதிரை போனது. அதன்பிறகுதான் அவர் தன் கையைப் பார்த்தார், யாருடைய கையோ என்பதுபோல. குடையை விரித்தார். "கம்பி மாட்டிக்கொண்டது," என்றார்.

என் மண்டைக்குள் விளக்கு எரிந்தது. சட்டம் தெரியாதவன் எப்படி அதை மீறுவான்? மற்ற இரண்டு பேருக்கும் மடக்க வேண்டும் என்பதே தெரியாது. மடக்க மாட்டேன் என்று சபதம் போட்டவன் ஒருவனுக்குத்தான் மடக்கத் தெரியும்! முதலாளி பின்னால் சீமாட்டியின் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். கேட்பானேன்? நான்தான் கெட்டிக்காரனாயிற்றே. "கம்பி உடைஞ்ச குடை எதுக்கு சார்? இதப் பிடிங்க," என்று சிவப்புக் குடையை விரித்து டேனியல் கையில் கொடுத்தேன். பனிக்குள் அது ஒரு காயத்தைப்போலத் தெரிந்தது.

முப்பது அடி தாண்டி, முள்முருங்கை மரத்தடியில் ஒரு சமாதி. மேலே புதுசாகச் சாமந்தி. பக்கத்தில் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்து, முதுகில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் நின்றாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். டேனியல் நின்றுவிட்டார்.

வழிகாட்டி என்று வந்தபின் எதையும் விளக்காமல் விடலாமா? "சமாதி சார். நம்ம ஜனங்க வழக்கம். நாலு பக்கமும் கல், நடுவுல மண்ணு," என்று சுற்றிக் காட்டினேன். "யாரும்மா இது?"

"என் தம்பிங்க. சின்னராசா."

நீட்டிய விரலைச் சட்டென்று மடக்கிக்கொண்டேன்.

"காலரான்னு சொன்னாரு கங்காணி ஐயா. மூஞ்சியக்கூடப் பாக்க விடல. மூடிட்டுத்தான் ஆளனுப்பிச் சொன்னாங்க. அப்பறம் மறுபடியும் என்னைக் கட்டிக்கிறேன்னு வந்தாரு. தம்பி இருக்கையில வேணாம்னான், அவன் போனப்பறமும் நான் வேணாம்னுட்டேன்." அவள் வந்தவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. கோட்டுப் போட்டவர் முகத்தைப் பார்த்துப் பேசி அவளுக்குப் பழக்கமில்லை.

டேனியல் தொப்பியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கொலைகாரனைக் கங்காணி சொன்னபடி முன்னால் நடத்திவிட வேண்டும் என்பது ஒன்றுதான் புத்தியில் இருந்தது. "வாங்க சார், அந்த முடக்குத் திரும்பினா மலை நல்லாத் தெரியும்," என்று முழங்கையைப் பிடித்து இழுத்தேன். தூக்கத்தில் நடப்பவர்போல அவர் என்னோடு வந்தார். இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் பாதாளம். பாதாளத்தில் பனியைத் தவிர ஒன்றுமில்லை. சிவப்புக் குடை முன்னே போனது. மேலே கேட்டுக்கொண்டிருந்த பேச்சுச் சத்தம் நின்றுவிட்டது.

இரும்புக் கஜக்கோல் எங்கள் இருவருக்கும் முன்னே குறுக்கே விழுந்தது.

"ஒரு அடி எடுத்து வச்சே, லிங்கம், காலை ஒடிச்சுருவேன்." முதலாளி மூச்சு வாங்கினார். அந்தப் பெண்ணிடம் திரும்பினார். "உன் பேரு என்னம்மா?"

"இராக்கம்மாங்க."

"உனக்குக் கடிதாசி ஏதாச்சும் வந்துச்சா?"

"எனக்கு யாருங்க எழுதப் போறா? லயத்துக்கு வர்ற தப்பால் எல்லாம் கங்காணி ஐயா கைக்குத்தான் போகும். அவருதான் படிச்சுச் சொல்லுவாரு. எனக்கு இன்னிவரைக்கும் ஒண்ணும் வந்ததில்ல."

"இருபத்திமூணு எழுதுனேன்," என்றது ஒரு குரல்.

தமிழ்! அதுவும் லயத்துத் தமிழ். மிஸ்டர் டேனியல் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். இராக்கம்மா மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கத்தவில்லை, அழவில்லை. கிட்டே வந்து அவருடைய கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் அதன்பிறகு அன்று முழுக்க விடவில்லை.

"அழுறதெல்லாம் அப்பறம்," என்றார் முதலாளி தணிந்த குரலில். "சார்ஜன் ஐயா, இங்க வாங்க. நம்ம மூணு பேரும் மடையனுங்க. அதுல பெரிய மடையன் நான். அன்னிக்கு அந்தக் கடிதத்தை அளந்தேனே, எட்டரை அங்குலம். அந்தத் தாள் பத்து அங்குலத்துக்குக் குறைஞ்சு எந்தக் கடையிலயும் இல்ல. மேல ஒன்றரை அங்குலம் கத்தரி போட்டிருக்கு. 'அன்புள்ள அக்காவுக்கு'ன்னு எழுத அது போதாதா?"

"தெரிஞ்சே ஏன் சும்மா இருந்தீங்க?" என்றேன் நான்.

"கங்காணி பயந்தது நெசம். எதைப் பாத்துப் பயந்தார்ங்கிறதத்தான் தப்பா அளந்துட்டேன். இப்ப யோசி. கொல்ல வர்றவன் நாலாம் நம்பர் பயணத்துல வர்றேன்னு எழுதி அனுப்புவானா? கூட்டிக்கிட்டுப் போக வர்றவன்தான் எழுதுவான். கூலியா வந்தா மண்டபம் முகாம்ல நிறுத்தி, கழுத்துல தகரத்துண்டு கட்டித்தான் அனுப்புவாங்க. வெளியாளா வந்தா லயத்துக்குள்ள விடமாட்டாங்க. ஊர் பாக்க வந்த பயணின்னா தொரையே வழி விடுவாரு. அதான் இவரு உல்லாசப் பயணத்தைத் தேர்ந்தெடுத்தாரு. இவரு மூஞ்சி மாறிப் போச்சு, பேரு மாறிப் போச்சு. கங்காணிக்கு அடையாளம் காட்ட ஒரு நாய் வேணும். மோப்பம் புடிச்சுக் குடுத்தது நாம."

"அப்ப செவப்புக் குடை..."

"ஒதுங்கிக்கிறதுக்கு இல்லடா."

டேனியல் தலைக்கு மேலிருந்த சிவப்புக் குடையை நான் அண்ணாந்து பார்த்தேன். அதில் மழை விழுந்துகொண்டிருந்தது.

சார்ஜன் ஷுக்ரி தொண்டையைக் கனைத்தார். "நடக்காது முதலாளி. பகல் நேரம். தொரை இப்பத்தான் போயிருக்காரு. வெள்ளைக்காரம்மா பத்தடியில நிக்கிறாங்க. இங்க வந்து ஒருத்தன் கொலை பண்ணுவானா? இந்த மனுசன் செத்துப் பொழைச்சவர்ங்கிறதையே நான் இன்னும் நம்பல. அந்தக் குடையைக் குடுங்க. நான் நடந்து காட்டுறேன், ஒண்ணும் ஆகாது."

"வேணாம் சார்ஜன் ஐயா."

"குடுங்கன்னா."

டேனியலின் தொப்பியை வைத்துக்கொண்டு, சிவப்புக் குடையைத் தாழ்த்திப் பிடித்து, சார்ஜன் முடக்கை நோக்கி நடந்தார். முதலாளி கஜக்கோலை நீட்டிப் பிடித்தபடி பாறையோரமாக அவர் பின்னால் ஊர்ந்தார். அவர் பின்னால் நான். சார்ஜன் விசில் அடித்துக்கொண்டு போனார். முடக்குத் திரும்பினார்.

விசில் நின்றது.

பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்புக் கோட்டு பாய்ந்தது. இரண்டு கைகள் குடையின் முதுகில் விழுந்தன. "ரெண்டாந் தடவையும் அதே எடந்தான்டா, சின்னராசா!" என்று இராசையா கங்காணி கத்தியது எதிர்மலையில் மோதித் திரும்பி வந்தது. சார்ஜனின் காலடி மண் சரிந்தது. குடை பறந்தது. சார்ஜன் பாதாளத்துக்குள் போனார்.

போனவர் கையில் கஜக்கோலின் நுனி கிடைத்தது. மறுநுனி முதலாளி கையில். முதலாளியின் இடுப்பு என் கையில். என் வேட்டி ஒரு தேயிலைத் தூரில். அந்தத் தூரையும் வேட்டியையும் நம்பி மூன்று உயிர் தொங்கியது. அரை மணி நேரம் தொங்கினோம். முதலாளி அரை நிமிஷம் என்பார், அவர் கடிகாரம் எப்போதும் மெதுவாகத்தான் ஓடும். கங்காணி குனிந்து, கீழே தெரிந்த முகத்தைப் பார்த்தார். ஆள் மாறியிருந்தது. எங்களைத் தாண்டி ஓடப் பார்த்தவரின் எதிரே நின்றது மிஸ் ஹார்க்னெஸ். அந்தச் சீமாட்டி குடைக் கைப்பிடியை அவர் கணுக்காலில் மாட்டி இழுத்து, விழுந்தவர்மேல் செடிப் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டார். சேட் தன் பட்டுக் கைக்குட்டையால் அவர் கைகளைக் கட்டினார். நல்ல முடிச்சு.

சார்ஜனை மேலே இழுத்துப் போட்டோம். அவர் மண்ணில் மல்லாந்து கிடந்து வானத்தையே பார்த்தார்.

"அன்னிக்கும் இப்பிடித்தாங்க," என்றார் சின்னராசா, இனி அவரை அப்படித்தானே சொல்ல வேண்டும். "ஒரு மரத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு வண்டிக்காரரு எடுத்துப் போட்டுக் கீழ கொண்டுபோனாரு. பினாங்குக் கப்பல்ல கரி அள்ளிப் போட்டுக்கிட்டே போயிட்டேன். எழுதினதுக்குப் பதிலே இல்ல. அக்கா கோவமா, இல்ல உசுரோட இல்லையான்னு தெரியாம கெடந்தேன்." சமாதியைப் பார்த்தார். பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் சிரிப்புபோல ஏதோ ஒன்று வந்தது. "அக்கா, நீளம் கொறைச்சலா இருக்கே. அப்பவே நான் உன்னைவிட ஒசரம்."

சத்தம் கேட்டுத் துரை குதிரையைத் திருப்பிக்கொண்டு வந்தார். குளம்புச் சத்தம் கேட்டதும் இராக்கம்மாவின் கால் தானாகக் கானை நோக்கி நகர்ந்தது. தேயிலைச் செடியிலிருந்து நான் பொறுக்கிக் கொண்டுவந்த சிவப்புக் குடை, கம்பி இரண்டு வளைந்து, அவள் கையில் இருந்தது. அவள் விரல் மடக்கும் கொக்கிக்குப் போனது.

சின்னராசா அவள் கைமேல் தன் கையை வைத்தார். அவர் காலும் கான் பக்கம் ஒரு அங்குலம் நகர்ந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"வேணாங்க்கா."

குதிரை நின்றது. துரை குடையைப் பார்த்தார். கட்டிக் கிடந்த கங்காணியைப் பார்த்தார். மண்ணில் கிடந்த போலீஸைப் பார்த்தார். பாதையின் நடுவிலே, விரித்த குடைக்குக் கீழே, அக்காளும் தம்பியும் நின்றார்கள். குதிரைதான் ஒதுங்கிப் போயிற்று.

மறுநாள் ரயிலில் இராக்கம்மா தம்பியோடு கொழும்புக்குப் போனாள். துரையிடம் பேசி அவளை விடுவித்தது சார்ஜன் ஷுக்ரி. கங்காணி பதுளைச் சிறையில் இருந்தார். நான் பஜாரில் கதையைச் சொன்னேன். மீன்கடையில் சிரித்தார்கள், ரொட்டிக்கடையில் சிரித்தார்கள். ஜெயராசா அண்ணன் எங்கள் கடையிலேயே என்னை மடக்கினார்.

"செத்தவனுக்கு மாலை போட்டியாம், சமாதியக் காட்டுனியாம், போலீஸ்காரரு கஜக்கோல்ல தொங்குனாராம். டேய் லிங்கம், புளுகுறதுக்கும் ஒரு கஜம் வேணும்டா." மூலையைப் பார்த்தார். "என்ன சார்ஜன் ஐயா, இவன் சொல்றதுல ஏதாச்சும் நடந்துச்சா?"

கடையே சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தது.

சார்ஜன் ஷுக்ரி பிளேன்டீயைக் கீழே வைத்தார். கட்டுப் போட்ட கையால் மீசையைத் துடைத்தார். வாசல் கதவையும், தனக்குக் கீழே இருந்த நாற்காலியையும், நாற்காலிக்குக் கீழே இருந்த தரையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"நடந்துச்சு முதலாளி," என்றார். "அத்தனையும் நடந்துச்சு. என் காலு இன்னும் கீழ தரையைத் தேடிக்கிட்டுத்தான் இருக்கு."